சொத்து வரி மேல்முறையீடு: வக்கீல் எப்போது வேண்டும்?

சொத்து வரி உயர்ந்திருப்பதாக நோட்டீஸ் வந்ததும் பல வீடுகளில் எழும் முதல் கேள்வி, "நல்ல வக்கீலா யாரையாவது தெரியுமா?" என்பதுதான். வேறு சில வீடுகளில் நோட்டீஸைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, கார்ப்பரேஷனோடு மல்லுக்கட்ட நமக்கு ஏது தெம்பு என்று கேட்ட தொகையைக் கட்டிவிடுகிறார்கள். இரு தரப்புமே நோட்டீஸை முழுதாகப் படிக்காமல் முடிவெடுக்கிறார்கள். வக்கீல் தேவையா என்பதை வரித்தொகை மட்டும் சொல்லிவிடாது. தகராறு அளவைப் பற்றியதா, சட்டத்தைப் பற்றியதா என்று பார்க்க வேண்டும். அளவுத் தகராறுக்கு டேப்பும் பத்திர நகலும் போதும். சட்டத் தகராறுக்கு வக்கீல் இல்லாமல் போவது ஆபத்து. தமிழ்நாட்டில் வருகிற சொத்து வரிக் குறைகளில் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை என்பது என் உறுதியான எண்ணம்.

வசதியும் வக்கீலும் இருந்தும் வழி தவறலாம் என்பதற்கு நாடறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2020-ல் கொரோனா ஊரடங்கால் மார்ச் 24 முதல் திருமண மண்டபங்கள் மூடிக் கிடந்தன. கோடம்பாக்கத்தில் நடிகர் ரஜினிகாந்துக்குச் சொந்தமான ராகவேந்திரா கல்யாண மண்டபத்துக்கு, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டு வரியாக சுமார் 6.50 லட்சம் ரூபாய் கேட்டுச் சென்னை மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பியது. மண்டபம் காலியாக இருந்த காலத்துக்கு வரியில் பாதியைத் தள்ளுபடி செய்யக் கேட்டு அவர் தரப்பு செப்டம்பர் 23-ம் தேதி மாநகராட்சிக்கு எழுதியது. கோரிக்கையில் நியாயம் இருந்தது, சட்டத்திலும் அதற்கு இடம் இருந்தது. ஆனால் மாநகராட்சியின் பதிலுக்குக் காத்திராமல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுவிட்டார்கள். அக்டோபர் 14-ம் தேதி மனு நீதிபதி அனிதா சுமந்த் முன் வந்தது. கடிதம் எழுதிய சில நாட்களில் நீதிமன்றத்துக்கு ஓடி வருவது ஏன், அபராதத்தோடு தள்ளுபடி செய்ய நேரும் என்று நீதிபதி எச்சரித்தார். மனு திரும்பப் பெறப்பட்டது, வரி கட்டப்பட்டது. முதலில் மாநகராட்சியிடமே மேல்முறையீடு செய்திருக்க வேண்டும், 'அனுபவமே பாடம்' என்று ரஜினிகாந்தே ட்விட்டரில் எழுதினார்.

அந்த வழக்கில் குறை, படி தாண்டிப் போனதில் இருந்தது. நோட்டீஸ் கொடுத்த அலுவலகத்தில் ஆட்சேபம், ஆணையரிடம் சீராய்வு, அதன் பிறகு மேல்முறையீடு, எல்லாம் முடிந்து கடைசியில்தான் நீதிமன்றம். நகராட்சிகளில் கவுன்சிலர்களைக் கொண்ட வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு என்றே ஒன்று தேர்ந்தெடுக்கப்படுகிறது. அப்படியொரு குழு இருப்பது வரி கட்டுகிற பலருக்குத் தெரியாது. சட்டம் ஒரு மாற்று வழியை வைத்திருக்கும்போது, அதைப் பயன்படுத்தாமல் வருகிறவரை உயர் நீதிமன்றம் பொதுவாக ஏற்பதில்லை. இதற்கு விலக்குகள் உண்டு. 1998-ல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவற்றைத் தெளிவாகச் சொன்னது: அடிப்படை உரிமை மீறப்பட்டிருந்தால், எதிர்த்தரப்பைக் கேட்காமலே உத்தரவு போட்டிருந்தால், அதிகாரமே இல்லாதவர் உத்தரவு போட்டிருந்தால், சட்டமே செல்லாதது என்று வாதிட்டால் நேரடியாக வரலாம். இந்த நான்கில் ஒன்று உங்கள் நோட்டீஸில் இருக்கிறதா என்று சொல்லத்தான் வக்கீல் வேண்டும். பரப்பளவில் நூறு சதுர அடி கூடிவிட்டது என்பது இந்த நான்கிலும் சேராது.

இன்னொரு பொதுக் குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். "வரியை ஏற்றிவிட்டார்கள், மேல்முறையீடு செய்யப்போகிறேன்" என்று பலரும் சொல்கிறார்கள். ஊர் முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட உயர்வை எதிர்த்துத் தனிவீட்டுக்காரர் மேல்முறையீடு செய்ய முடியாது. என் வீட்டுக்குப் போட்ட கணக்கு தவறு என்றுதான் முறையிட முடியும். சென்னையில் 1998-க்குப் பிறகும் மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகும் வரி சீராய்வு நடக்காமல் இருந்தது. 2018 ஜூலையில் குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் வரையும் மற்றவற்றுக்கு 100 சதவீதம் வரையும் உயர்த்தினார்கள். எதிர்ப்பு வலுத்து 2019 நவம்பரில் அந்த உயர்வை அரசே நிறுத்தி வைத்தது. கூடுதலாகக் கட்டிய பணம் பின்னால் வரும் அரையாண்டுகளில் ஈடுகட்டப்படும் என்றது. அந்தத் தீர்வு அரசியல் வழியாக வந்தது. எந்த மேல்முறையீட்டுக் குழுவும் அதைத் தந்திருக்க முடியாது. பிறகு உள்ளாட்சி மானியம் வேண்டுமென்றால் சொத்து வரியை மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும் என்று பதினைந்தாவது நிதிக்குழு நிபந்தனை வைத்தது. 2022 ஏப்ரலில் புதிய உயர்வு வந்தது.

அந்த 2022 உயர்வில் ஒரு நுட்பம் இருக்கிறது. வக்கீல் தேவையா என்ற கேள்விக்கு அது நேராகப் பொருந்துவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். குடியிருப்புகளைப் பரப்பளவைக் கொண்டு நான்காகப் பிரித்தார்கள். சென்னை அல்லாத மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரை 25 சதவீத உயர்வு, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. 2011-ல் சென்னையோடு சேர்க்கப்பட்ட பகுதிகளுக்கும் இதே விகிதம். பழைய சென்னைப் பகுதிகளில் இதுவே 50, 75, 100, 150 என ஆனது. சிறிய வீட்டுக்குச் சலுகை என்ற நோக்கம் நல்லது. ஆனால் இந்த ஏற்பாட்டில் பரப்பளவைத் தவறாக எழுதினால் இரட்டை அடி விழும். பரப்பு கூடியதால் அடிப்படை வரி கூடும். எல்லைக்கோட்டைத் தாண்டியதால் உயர்வு விகிதமும் கூடும்.

என் அத்தை வீட்டில் நடந்தது இதுதான். ஊர் வேண்டாம், ஒரு நகராட்சி. தாத்தா கட்டிய வீட்டைப் பாகப்பிரிவினை செய்துகொண்டதில் முன்கட்டு அத்தைக்கும் பின்கட்டு சித்தப்பாவுக்கும் வந்தது. இரண்டுக்கும் தனித்தனி வரிவிதிப்பு எண், தனித்தனி ரசீது. அத்தையின் பாகம் 1,090 சதுர அடி. அளக்க வந்தவர்கள் இரண்டு கட்டுக்கும் நடுவில் இருந்த பழைய சமையல்கட்டை, 140 சதுர அடி, அத்தை பேரிலும் எழுதிவிட்டார்கள். அது ஏற்கெனவே சித்தப்பா ரசீதில் இருந்தது. அத்தையின் வீடு காகிதத்தில் 1,230 சதுர அடி ஆனது, 1,200 என்ற கோட்டைத் தாண்டியது. அரையாண்டுக்கு 1,200 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தவருக்கு 50 சதவீதம் உயர்ந்து 1,800 வந்திருக்க வேண்டும். வந்தது 2,370.

அத்தை தெரிந்த வக்கீலிடம் போனார். அவர் பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் இரண்டு ரசீதுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் எதுக்கும்மா? வக்காலத்து போட்டா உங்களுக்குத்தான் செலவு. நீங்களே எழுதிக் குடுங்க" என்றார். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். வரி அதிகம் என்று எழுதாதீர்கள், விதவைக்கு இரக்கம் காட்டுங்கள் என்றும் எழுதாதீர்கள். இந்த இடத்தில் இந்த அறை, இத்தனை அடிக்கு இத்தனை அடி, பத்திரத்தில் இந்தப் பக்கத்தில் தம்பியின் பாகத்தில் வருகிறது, தம்பியின் இந்த ரசீதில் வரி கட்டப்படுகிறது, ஆகவே இரண்டு முறை வரி போடப்பட்டிருக்கிறது, மறு அளவு எடுக்கக் கோருகிறேன். அவ்வளவுதான். மனு ஒரு பக்கத்துக்குள் முடிந்தது. பேரன் கிராஃப் தாளில் படம் போட்டு, சமையல்கட்டைச் சிவப்புப் பென்சிலில் தீட்டினான். அலுவலகத்தில் மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டார்கள். சில மாதங்கள் இழுத்தது. வருவாய் ஆய்வாளர் வந்து அளந்துவிட்டுப் போனார். வரி 1,800 ஆகத் திருத்தப்பட்டது, கூடுதலாகக் கட்டியது அடுத்த அரையாண்டில் கழிந்தது.

அந்த வக்கீலைப் போல உண்மையைச் சொல்கிறவர் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே கணக்கை நாமே போட்டுப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அத்தைக்கு வித்தியாசம் அரையாண்டுக்கு 570, ஆண்டுக்கு 1,140 ரூபாய். ஒரு வழக்கின் செலவுக்கு முன்னால் இது சின்னத் தொகை. ஆனால் சொத்து வரியில் ஒருமுறை புகுந்த தவறு தானாகப் போவதில்லை. அடுத்து வரும் ஒவ்வொரு உயர்வும் அந்தத் தவறான தொகையின் மேல்தான் ஏறும். சென்னை மாநகராட்சி 2024 செப்டம்பரில் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. ஆண்டுதோறும் 6 சதவீதம் என்று வைத்துப் பார்த்தால், 1,140 ரூபாய்த் தவறு பத்தாண்டில் 15,000 ரூபாயாகிறது. எனவே, சின்னத் தொகைதானே என்று விட்டுவிடுவதும் சரியில்லை. பத்தாண்டுச் சேமிப்பு எவ்வளவு, வக்கீல் கட்டணமும் அலைச்சலும் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு சாதாரண வீட்டுக்கு உயர் நீதிமன்ற வழக்கு என்பது இந்தக் கணக்கில் அநேகமாக ஒருபோதும் கட்டுப்படியாகாது. சொந்தக் கையால் எழுதும் மனு எப்போதும் கட்டுப்படியாகும்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் இங்கே வேறுவிதமாக யோசனை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். டெக்சாஸில் ஆண்டுதோறும் வீட்டின் சந்தை மதிப்பை மாவட்ட மதிப்பீட்டு அலுவலகம் நிர்ணயிக்கிறது. பொதுவாக மே 15-க்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வரி குறைந்தால் குறைந்த தொகையில் ஒரு பங்கு, குறையாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்று அந்த வேலையை எடுத்துச் செய்யும் நிறுவனங்கள் அங்கே ஏராளம். டாலஸிலும் ஹூஸ்டனிலும் இருக்கும் நம்மவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள், இழப்பதற்கு ஒன்றுமில்லை. இந்தியாவில் வக்கீல் அப்படிப் பேசக் கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் என்றோ கிடைப்பதில் பங்கு என்றோ ஒப்பந்தம் செய்வதை இந்திய பார் கவுன்சில் விதி தடுக்கிறது. தோற்றாலும் ஜெயித்தாலும் கட்டணம் உங்கள் கையிலிருந்துதான் போகும். ஆகவே இங்கே முன்யோசனை கூடுதலாக வேண்டும்.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. குறைத்துக் கொடுத்தால் பாதி எனக்கு என்று இங்கே யாராவது சொன்னால் அவர் வக்கீலாக நடந்துகொள்ளவில்லை. மண்டல அலுவலக வாசலில், டீக்கடையில், "உள்ளே ஆள் இருக்கு, முடிச்சுத் தர்றேன்" என்று சொல்கிற ஆட்களைச் சொல்கிறேன். மதுரை மாநகராட்சியில் வணிகக் கட்டடங்களுக்கு முறைகேடாக வரியைக் குறைத்ததாகப் பதிவான வழக்கு 2025-ல் பெரிதாக வெடித்து, மண்டலத் தலைவர்கள் பதவி விலகும் அளவுக்குப் போனது. இப்படிக் கணினியில் குறைந்த வரி மறுபடி ஏறும், பழைய பாக்கியும் சேர்ந்து வரும், விசாரணையில் கட்டட உரிமையாளர் பெயரும் வரும். இடைத்தரகருக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீது கிடையாது. வரியைக் குறைத்ததற்குக் காரணம் எழுதிய, கையொப்பமிட்ட உத்தரவு கையில் இல்லையென்றால் உங்கள் வரி குறையவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, நோட்டீஸில் எங்கே தவறு இருக்கும் என்று பார்ப்போம். சென்னையில் நீண்டகாலமாகப் பழகிவந்த கணக்கு சிக்கலானதே இல்லை. உங்கள் தெருவுக்குச் சதுர அடிக்கு இத்தனை என்று ஒரு அடிப்படை விகிதம் இருக்கும். அதைக் கட்டடப் பரப்பால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு. அதை 10.92-ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு. பன்னிரண்டு மாதத்துக்கு ஏன் 10.92 என்றால், மதிப்பில் 10 சதவீதத்தை மனைக்கென்று ஒதுக்கிவிட்டு, மீதிக் கட்டட மதிப்பில் 10 சதவீதத்தைப் பராமரிப்புக்காகக் கழிக்கிறார்கள். பிறகு கட்டடத்தின் வயது, உரிமையாளரே குடியிருக்கிறாரா என்பதற்கெல்லாம் கழிவு. ஆக, தவறு புகக்கூடிய இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அடுக்குமாடி வீடுகளில் பில்டர் விளம்பரத்தில் சொன்ன சூப்பர் பில்டப் பரப்பையே எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. மூலை மனை என்றால் பக்கத்து மெயின் ரோட்டு விகிதத்தைப் போட்டுவிடுவார்கள். இருபது வருஷக் கட்டடத்துக்கு வயதுக் கழிவு விடுபட்டிருக்கும். வீட்டு வாசலில் இருந்த தையல் கடையை மூடி ஆண்டுகள் ஆகியும் வீடு வணிகக் கணக்கிலேயே இருக்கும், மின் இணைப்பும் வணிகக் கட்டணத்தில் ஓடிக்கொண்டிருந்தால் வரி அலுவலகத்துக்கு அதுவே சாட்சியாகிவிடும். இவற்றில் எதற்கும் வக்கீல் தேவையில்லை. பரப்பளவில் பெரிய வித்தியாசம் என்றால், உரிமம் பெற்ற கட்டடப் பொறியாளர் அளந்து கையொப்பமிட்ட படம் ஒரு வக்கீலின் வாதத்தைவிடப் பெரிய பலம்.

கணக்கு எப்படி வந்தது என்றே தெரியவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, என் வீட்டின் அளவுக் குறிப்பையும் வரிக் கணக்கீட்டுத் தாளையும் நகலாகத் தாருங்கள் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆனால் ஆட்சேபத்துக்கான கெடு இந்தப் பதிலுக்காகக் காத்திருக்காது. கெடுவுக்குள் ஒரு சுருக்கமான ஆட்சேப மனுவைக் கொடுத்துவிட்டு, கணக்கீட்டுத் தாள் கிடைத்ததும் கூடுதல் மனு கொடுக்கிறேன் என்று அதிலேயே எழுதிவிடுங்கள். வரியைக் கட்டாமல் வைத்திருந்துகொண்டு மேல்முறையீடு செய்யலாம் என்றும் நினைக்க வேண்டாம். கேட்ட தொகையைக் கட்டிவிட்டு வா என்பதே இந்த மேல்முறையீடுகளில் நெடுங்கால வழக்கம். ஆட்சேபத்துக்கு உட்பட்டுக் கட்டுகிறேன் என்று எழுத்தில் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள், தாமதத்துக்கான அபராதமாவது மிச்சமாகும்.

வக்கீலைக் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள் எவை? முதலாவது, நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது: வீட்டில் வரைபட அனுமதிக்கு மாறான கட்டுமானம் இருந்தால், மனுவில் கை வைப்பதற்கு முன்பே வக்கீலிடம் போங்கள். மறு அளவு கோரினால் அலுவலர் டேப்போடு வருவார். மாடியில் அனுமதியில்லாமல் எழுப்பிய தளத்தையும் அவர் அளப்பார். வரி குறைவதற்குப் பதில் ஏறலாம், கட்டட அனுமதிப் பிரிவுக்குத் தகவல் போகலாம். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்காகத் தொடங்கியது பூட்டி சீல் வைக்கும் நோட்டீஸில் போய் நிற்கக்கூடாது. இந்த இடரை எடை போட்டுச் சொல்ல அனுபவப்பட்டவரால்தான் முடியும். சில நேரம் அவர் தரும் நல்ல யோசனை, மனுவே போட வேண்டாம் என்பதாக இருக்கும்.

இரண்டாவது, பின்தேதியிட்டுப் பல ஆண்டுப் பாக்கி கேட்பது. ட்ரோன் படத்தையும் மின் இணைப்புப் பட்டியலையும் ஒப்பிட்டு விடுபட்ட கட்டடங்களைக் கண்டுபிடிக்கிறார்கள், அது சரியான வேலை. ஆனால் எத்தனை ஆண்டு பின்னோக்கிப் போகலாம், முன்னறிவிப்பு கொடுத்தார்களா, உங்கள் தரப்பைக் கேட்டார்களா என்பவை சட்டக் கேள்விகள். ஜப்தி நோட்டீஸ் வந்துவிட்டாலும் அப்படித்தான்.

மூன்றாவது, வகைப்பாடு பற்றிய தகராறு. அறக்கட்டளைக் கட்டடத்துக்கு விலக்கு உண்டா, வீட்டிலேயே டாக்டர் நோயாளிகளைப் பார்த்தால் அது கிளினிக் ஆகிவிடுமா, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி குடியிருப்பா வணிகமா? கடைசியில் சொன்ன கேள்வி ஜிஎஸ்டியை ஒட்டிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, தங்குகிறவர்களுக்கு அது வசிப்பிடமே என்று 2024 மார்ச்சில் தீர்ப்பானது. இப்படி ஒரு வரிச் சட்டத்தில் வந்த தீர்ப்பை இன்னொரு வரியில் எவ்வளவு தூரம் எடுத்துச் சொல்லலாம் என்று முடிவு செய்வது நம்மால் முடிகிற காரியமில்லை.

நான்காவது, பலருக்கும் பொதுவான குறை. தெரு முழுவதற்கும் தவறான விகிதம், அடுக்குமாடியில் எண்பது வீட்டுக்கும் ஒரே மாதிரித் தப்புக் கணக்கு என்றால் தனித்தனியே மனு எழுதுவது வீண். சங்கமாகச் சேர்ந்து ஒரு வக்கீலை வையுங்கள், தலைக்கு வரும் செலவு சொற்பம். இந்தியச் சொத்து வரிச் சட்டத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஒரு தீர்ப்பு அப்படிப் பிறந்ததுதான். குண்டூர் நகர வரி செலுத்துவோர் சங்கம் தங்கள் நகராட்சியோடு உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட கட்டடத்துக்கு வாடகை மதிப்பு போடும்போது, அந்தச் சட்டப்படியான நியாய வாடகையைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 1970-ல் தீர்ப்பு வந்தது. தனியொரு வீட்டுக்காரர் அந்தச் செலவைத் தாங்கியிருக்க மாட்டார்.

வக்கீல் வேண்டும் என்பதற்கும் வக்காலத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. ஒரு மணி நேர ஆலோசனைக்கு மட்டும் கட்டணம் கொடுத்து, காகிதங்களைக் காட்டி, எழுதிய மனுவைத் திருத்தி வாங்கிக்கொள்வது பல நேரம் போதுமானது. போகும்போது நோட்டீஸ், பழைய ரசீதுகள், கிரயப் பத்திரம், அனுமதி பெற்ற வரைபடம், மின் கட்டண ரசீது எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். இதே ஊரில் சொத்து வரி வழக்கு நடத்தியிருக்கிறீர்களா, இப்போது எந்தப் படியில் நிற்கிறோம், மொத்தச் செலவு எவ்வளவு ஆகும், தோற்றால் என்ன ஆகும் என்று நேராகக் கேளுங்கள். எடுத்த எடுப்பில் ஹைகோர்ட்டில் ஸ்டே வாங்கிவிடலாம் என்று சொல்கிறவரிடம், மாற்று வழி இருக்கும்போது மனு நிற்குமா என்று கேளுங்கள். கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லையென்றால் எழுந்து வந்துவிடலாம்.

பணம் இல்லாததால் வக்கீல் இல்லை என்ற நிலையும் இருக்க வேண்டியதில்லை. 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி தருகிறது. வீடு அம்மா பேரில், மனைவி பேரில் இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவின் அறைக்குப் போய் மனு கொடுக்கலாம், 15100 என்ற எண்ணில் பேசலாம். விவாகரத்துக்கும் ஜீவனாம்சத்துக்கும்தான் அங்கே போக வேண்டும் என்று பெண்கள் நினைத்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கோபம் எனக்கு அடங்கவில்லை. பரப்பு, விகிதம், வயது என்று நான்கைந்து எண்களைப் பெருக்கிக் கழித்து வருகிற ஒரு தொகைக்காக, அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் வக்கீல் வீட்டு வாசலில் ஏன் நிற்க வேண்டும்? நோட்டீஸில் தொகை இருக்கிறது, அது வந்த வழி இல்லை. மின்வாரிய ரசீதில்கூட முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங், எத்தனை யூனிட் என்று போட்டிருக்கிறது. ஆயுள் முழுக்கத் தொடரப்போகும் வீட்டு வரிக்கு அந்த மரியாதைகூட இல்லை. ஆட்சேப மனுவுக்கு வருகிற பதிலும் பல நேரம் 'பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது' என்ற ஒற்றை வரிதான். எதைப் பரிசீலித்தார்கள், ஏன் நிராகரித்தார்கள் என்று தெரியாதவர் அடுத்த படியில் எதை எதிர்த்து வாதாடுவார்? அங்கேதான் அவர் வக்கீலைத் தேடத் தொடங்குகிறார்.

உள்ளாட்சிகளுக்கு வரி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தெரு விளக்கும் குப்பை வண்டியும் மழைநீர் வடிகாலும் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. பல ஆண்டுகள் உயர்த்தாமல் விட்டு ஒரே அடியில் ஏற்றியதைவிட ஆண்டுதோறும் கொஞ்சம் ஏற்றுவது நல்லது என்றுகூடச் சொல்வேன். ஆனால் ஆண்டுதோறும் ஏறுகிற வரிக்கு அடிப்படை எண் சரியாக இருப்பது முன்னைவிடப் பல மடங்கு அவசியம். நகராட்சி நிர்வாகத் துறை இதை ஒரே சுற்றறிக்கையில் செய்துவிடலாம். ஒவ்வொரு வரி நோட்டீஸின் பின்பக்கத்திலும் அளந்த பரப்பு, அளந்த தேதி, தெரு விகிதம், கட்டட வயது, கொடுத்த கழிவுகள், ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள், யாரிடம் தெரிவிப்பது என்பவை தமிழில் அச்சாக வேண்டும். மேல்முறையீட்டுக் குழு மாதத்தில் எந்த நாளில் கூடுகிறது என்பதை அலுவலக வாசலில் எழுதிப்போட வேண்டும். நிராகரிக்கும் உத்தரவில் மனுதாரர் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் பதில் இருக்க வேண்டும், அலுவலர் பெயரும் கையொப்பமும் தேதியும் இருக்க வேண்டும். அடுத்த அரையாண்டு நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன்பே இதைத் தொடங்கலாம், இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.